ஒரு சொட்டும் ஒழுகாத கார்

குருநகரில் பைபர் வள்ளம் பிளந்தால் ஆட்கள் முதலில் மாதாவைக் கூப்பிடுவார்கள், அதற்கடுத்து லியோனைக் கூப்பிடுவார்கள். கல்லில் ஏறின வள்ளமோ, கட்டி வைத்த இடத்தில் காற்றுக்கு மோதி உடைந்த வள்ளமோ, எதுவானாலும் அவன் கண்ணாடி நார்த் துணியை வெட்டி விரித்து, றெசின் பசையைக் குழைத்துப் பூசி, காய்ந்த பிறகு தேய்த்துக் கொடுத்தானென்றால் அந்த இடத்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஓட்டை ஒன்றைக் கண்டால் கை சும்மா இராது. பக்கத்து வீட்டுக் குசினிக் கூரை ஒழுகுகிறதென்று கேள்விப்பட்டால் யாரும் கேட்காமலே ஏணியோடு போய்விடுவான். ஆனால் மனதில் இருப்பதை வாயைத் திறந்து சொல் என்றால் மட்டும் ஆளைக் காணக் கிடைக்காது.

மனதில் இருந்ததோ ஒன்றே ஒன்றுதான். அவனுடைய மனைவி ஸ்ரெல்லா திரும்பி வரவேண்டும். வந்தால் பிறகு போகக்கூடாது.

ஸ்ரெல்லா இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், எழுந்து நடக்க முடியாத கிழவி ஒருத்தியைப் பராமரிக்கிறாள். மகள் பிரதீபாவைப் படிப்பிக்கவென்று போனவள். பிரதீபா படித்து முடித்து, ஆசிரியையாகி, கலியாணமும் செய்துகொண்டு மன்னாருக்குப் போய்விட்டாள். போன காரியம் முடிந்து கனகாலம். ஆனாலும் ஸ்ரெல்லா லீவில் வருவாள், கொஞ்ச நாள் நிற்பாள், மீன்குழம்பு வைப்பாள், வீட்டைத் தலைகீழாக்கி ஒதுக்குவாள், லியோனை வாய் நிறைய ஏசுவாள், திரும்பிப் போய்விடுவாள். ஏன் போகிறாய் என்று அவன் கேட்டதில்லை. ஏன் போகிறேன் என்று அவளும் சொன்னதில்லை. அவள் போன பிறகு அவளுடைய தலையணையை அவன் வெயிலில் போடமாட்டான். அவளுடைய வாசம் போய்விடுமாம். ஊர் கேட்டால் சிரிக்கும் என்று அதையும் அவன் யாரிடமும் சொன்னதில்லை.

இனிக் காருக்கு வருவோம். ஸ்ரெல்லா சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில் சுண்டிக்குளியில் ஒரு டொக்டர் இருந்தார். அவரிடம் ஒரு சிவப்பு எம்.ஜி. கார் இருந்தது. கூரையில்லை, இரண்டு பேர் மட்டும் இருக்கலாம், நிலத்தோடு ஒட்டினாற்போல ஓடும். காய்ச்சல்காரரைப் பார்க்க அவர் குருநகருக்கு வந்தால் பிள்ளைகள் எல்லோரும் காய்ச்சல்காரரை விட்டுவிட்டுக் காரைப் பார்க்கப் போய்விடுவார்கள். கலியாணம் முடித்த புதிதில், சண்டையில் ஊரே இடம்பெயர்ந்து போய், இவர்கள் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்திருந்த நாட்களில்தான் ஸ்ரெல்லா இந்தக் கதையை அவனுக்குச் சொன்னாள்.

"சாகிறதுக்கு முந்தி ஒருக்கா எண்டாலும் அந்தக் காரிலை முன்னுக்கு இருந்து போகோணும்."

"அதிலை பின்னுக்கு இருக்க இடமே இல்லையே" என்றான் லியோன்.

ஸ்ரெல்லா சிரித்தாள். குடிக்கிற தண்ணீருக்கே வரிசையில் நின்ற காலம் அது. அந்த மண்டபத்தில் அன்றைக்கு வேறு யாரும் சிரித்ததாக லியோனுக்கு ஞாபகமில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் அவனோடு நின்றுவிட்டது.

டொக்டரின் குடும்பம் எப்போதோ அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. வீடும் வளவும் கைமாறின. போன வருசம் புதுச் சொந்தக்காரர் தண்ணீர்த் தாங்கி வெடித்துவிட்டதென்று லியோனைக் கூப்பிட்டார். பின்வளவில், இடிந்த கராச் சுவருக்கும் பூவரச மரத்துக்கும் நடுவில், பாதி மண்ணுக்குள் அந்தக் கார் கிடந்தது. சிவப்பு என்று சொல்ல அதில் கதவின் உட்பக்கத்தில் ஒரு துண்டுதான் மிச்சம். மற்றதெல்லாம் துரு. லியோன் தாங்கியை மறந்து காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். "உதை ஆரும் கொண்டுபோனால் எனக்குப் பெரிய உதவி" என்றார் வீட்டுக்காரர். வள்ளம் ஏற்றும் வண்டியில் காரை ஏற்றிக் குருநகருக்குக் கொண்டுவந்தான். அதன் பத்திரங்களை டொக்டரின் மகனோடு கதைத்து எடுத்தது தனிக்கதை, அது இங்கே வேண்டாம்.

விசயம் தெரிந்தவன் ஸ்ரெல்லாவின் தம்பி ஜஸ்ரின் ஒருவன்தான். அவன் காரைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான்.

"அத்தான், உது காரில்லை. கார் கிடந்த இடம்."

"அக்காவிட்டைச் சொன்னியோ, பேந்து இந்தப் படலையடிக்கு வராதை."

"நான் ஏன் சொல்லுறன்? சொன்னால் என்னையுமெல்லோ விசரன் எண்டுவா. கொக்குவிலிலை காருக்குத் தகரவேலை, ரிங்கரிங் செய்யிற நல்ல பொடியள் இருக்கிறாங்கள். அவங்களிட்டைக் குடுங்கோவன்."

இந்த இடத்தில்தான் லியோனின் தலைக்கனம் குறுக்கே வந்தது. கடலில் அலையோடு அடிபடுகிற வள்ளத்தைச் செய்கிறவனுக்கு ரோட்டில் ஓடுகிற கார் ஒரு வேலையா என்று நினைத்தான். இயந்திரத்தை மட்டும் உரும்பிராயில் பழைய மொறிஸ் மைனர் கார்களைப் பார்க்கும் செல்வரட்ணத்திடம் கொடுத்தான். இரண்டு கார்களுக்கும் வயிறு ஏறக்குறைய ஒன்றுதான் என்று அவர் சொன்னார். உடம்பு வேலை, பெயின்ற் வேலை எல்லாம் தானே செய்வதென்று முடிவெடுத்தான். வேறொருவன் கைபட்ட காரில் ஸ்ரெல்லாவை ஏற்ற அவனுக்கு மனமில்லை என்பதுதான் உண்மை.

துருவை அரைத்து எடுக்க எடுக்கத் தகரமே கையோடு வந்தது. கதவுக்குக் கீழே நீளமாகப் போகும் உள்ளீடற்ற பெட்டிப் பகுதி, தரைத்தகடு, சில்லுகளுக்கு மேலே உள்ள வளைவு எல்லாம் சல்லடை. உக்கினதை வெட்டினான், புதுத் தகடு ஒட்டினான், ஒட்டின இடத்தின் மேல் வள்ளத்துக்குப் போடுவதுபோலவே நார்த் துணியும் றெசினும் போட்டான். குருநகர்க் கிணற்றுத் தண்ணீர் உவர் என்பதால் தகட்டைக் கழுவ நல்ல தண்ணீரைக் பிளாஸ்ரிக் கானில் அள்ளிக்கொண்டு வந்தான். கைத்தொலைபேசியில் ஒரு வெள்ளைக்காரன் இதே காரைத் திருத்துகிற வீடியோ இருந்தது. அவனுடைய இங்கிலீசு லியோனுக்கு ஓடவில்லை, அதனால் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தான். ஒரு இடத்தில் வெள்ளைக்காரன் கதவின் அடிப்பக்கத்திலும் தரைத்தகட்டிலும் பெட்டிப் பகுதியின் அடியிலும் சின்னச் சின்ன ஓட்டைகளுக்குள் கம்பியை விட்டுக் காட்டினான். லியோனுக்கு உடனே விளங்கிவிட்டது. இந்த இடங்களில் எல்லாம் ஓட்டை விழும், கவனம் என்கிறான். லியோன் தன்னுடைய காருக்குக் கீழே படுத்துப் பார்த்தான். அதே இடங்களில் அதே ஓட்டைகள், அச்சொட்டாக. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் றெசின் வைத்து அடைத்தான். அடைத்து முடிய எழுந்து, வயிற்றில் கைவைத்துக்கொண்டு நின்று, தன்னுடைய வேலையைத் தானே மெச்சிக்கொண்டான்.

பின்னேரங்களில் ஸ்ரெல்லா வாட்ஸ்அப்பில் வருவாள். முந்தியெல்லாம் லியோன் தொலைபேசியை மேசையில் சாத்திவைத்துவிட்டு, சாப்பிட்டுக்கொண்டே கதைப்பான். கார் வந்த பிறகு அது நின்றுபோனது. முற்றம் முழுக்கக் கார்தானே. தொலைபேசியை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடிப்பான். அவளுக்கு அவனுடைய நெற்றியும் வீட்டுக் கூரை மோடும்தான் தெரியும்.

"எங்கை நிக்கிறியள்? என்ன அது சத்தம்?"

"ஒண்டுமில்லை. வள்ளமொண்டு வந்தது."

"முகத்தை ஒருக்கா ஒழுங்காய்க் காட்டுங்கோவன்."

"வெளிச்சம் காணாது, ஸ்ரெல்லா. வைக்கட்டே?"

இப்படிச் சொல்லிவிட்டு வைத்த பிறகு, அவளோடு இன்னும் கொஞ்சம் கதைத்திருக்கலாமே என்று அந்த ஆள் துருப்பிடித்த கதவுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு ஏங்குவான். கார் முடியட்டும், கண்டதும் அவளுக்கு எல்லாம் தானாக விளங்கிவிடும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்வான்.

ஒருநாள் அவள் வழமைக்கு மாறாகக் காலையிலேயே எடுத்தாள். லியோன் அப்போதுதான் றெசினுக்குள் ஹார்ட்னர் விட்டுக் கலக்கியிருந்தான். ஹார்ட்னர் விட்டால் றெசின் யாருக்கும் காத்திராது. கொஞ்ச நேரத்தில் தகரப் பேணிக்குள்ளேயே இறுகிக் கல்லாகிவிடும்.

"இஞ்சருங்கோ, உங்களிட்டை ஒண்டு கேக்கோணும்" என்றாள் ஸ்ரெல்லா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இப்ப ஏலாது, கையிலை வேலை. பேந்து கதைப்பம்."

வைத்துவிட்டான். றெசினைப் பூசி முடித்துக் கைகழுவி, பின்னேரம் தானே எடுத்தான். "என்னவோ கேக்கோணுமெண்டாய்?" என்றான். "ஒண்டுமில்லை, மறந்துபோனன்" என்றாள். நம்பிவிட்டான். பெண்சாதி மறந்துபோனேன் என்று சொல்ல, அதை அப்படியே நம்புகிற ஆம்பிளைகளை என்னவென்று சொல்வது!

பெயின்ற் அடிக்கிற நாட்கள் வந்தன. கடற்கரைக் காற்று மணலை அள்ளிக்கொண்டு வரும், பூச்சிகளும் வரும். லியோன் பழைய நுளம்புவலைகளைச் சேர்த்துத் தைத்து, காரைச் சுற்றி ஒரு கூடாரம் கட்டினான். காற்று எழும்புவதற்கு முன்னரே விடியக் காலையில் அடித்துவிடவேண்டும். வள்ளத்துக்குத் தூரிகையால் அப்பிப் பழகின கைக்கு ஸ்பிரே கன் வசப்பட நேரம் எடுத்தது. பின்பக்கத்தில் பெயின்ற் கூடி வடிந்துவிட்டது. தேய்த்துவிட்டுத் திரும்ப அடித்தான், திரும்பவும் வடிந்தது. மூன்றாம் முறை அடித்துவிட்டு, தூர நின்று பார்த்தால் தெரியாது என்று விட்டுவிட்டான். செவ்வரத்தம்பூச் சிவப்பு. வெயில் பட்டதும் முற்றத்தில் அதைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. துணிக்கூரை தைக்க மட்டும் நேரம் வரவில்லை. ஐப்பசி பிறந்துவிட்டது, ஸ்ரெல்லா புறப்பட்டுவிட்டாள்.

ஸ்ரெல்லா வந்து இறங்கின அன்று அவளைக் கூட்டிவர லியோன் ரெயிலடிக்குப் போகவில்லை. ஜஸ்ரினை ஓட்டோவில் அனுப்பிவிட்டுக் காரைத் துடைத்துக்கொண்டு நின்றான். படலையைத் திறந்துகொண்டு வந்தவளின் முகம் நன்றாயில்லை.

"ரெயிலடிக்கு வரவும் உங்களுக்கு நேரமில்லையோ?"

லியோன் நுளம்புவலையை இழுத்து விலக்கினான்.

ஸ்ரெல்லா பெட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். "டொக்டரின்ரை..." என்றாள்.

"ஓம்."

"ஆர் செய்தது?"

"நான்தான்."

"ஏன்?"

இந்தக் கேள்விக்காகத்தானே ஒரு வருசமாக அந்த மனிசன் துருவைத் தின்றுகொண்டு கிடந்தான். பதில் நாக்கு நுனியில் இருந்தது. "சும்மா" என்றான்.

அவள் காரைச் சுற்றி வந்தாள். வடிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். முன்மூடியில் குனிந்து, "உதென்ன, ஈயொண்டையும் சேர்த்துப் பூசி வைச்சிருக்கிறியள்" என்றாள். பிறகு முகம் கழுவப்போகிறேன் என்று உள்ளே போய், வெகுநேரம் வெளியே வரவில்லை. வரும்போது கண்கள் சிவந்திருந்தன. தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு வந்து இடதுபக்க ஆசனத்தில் ஏறி இருந்தாள். பண்ணைப் பாலத்தால் ஓடினார்கள். இரண்டு பக்கமும் கடல், முன்னால் காற்று. அவள் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தச் சாவகச்சேரிச் சிரிப்பேதான். இனி இவள் போகமாட்டாள் என்று லியோன் நினைத்தான். கார் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது, நான் சொல்ல ஒன்றுமில்லை என்றும் நினைத்தான்.

செத்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. ஸ்ரெல்லாவின் தாய் தகப்பன் கொழும்புத்துறைச் சவக்காலையில்தான் அடக்கம். மெழுகுதிரியும் பூவும் வாங்கிக்கொண்டு காரிலேயே போனார்கள். வானம் இருண்டுகொண்டு வந்தது. மழை வந்தாலும் நனையாமலிருக்க, லியோன் சவக்காலைக் கோவிலின் தாழ்வாரத்தை ஒட்டிக் காரை விட்டான். கல்லறையில் திரி கொளுத்தி முடியவில்லை, மழை கொட்டத் தொடங்கியது. எல்லோரும் கோவிலுக்குள் ஓடினார்கள். வடகீழ்ப் பருவத்து மழை, விடுவேனா என்று நின்று பெய்தது. சனம் செபம் சொல்லிக்கொண்டு நின்றது.

மழை விட்டதும் வெளியே வந்து பார்த்தால், தாழ்வாரத்து ஓட்டுத் தண்ணீர் முழுவதும் நேரே காருக்குள் இறங்கியிருந்தது. ஆசனங்களைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் நின்றது. ஒரு செருப்பு மிதந்தது. அது யாருடையது என்று இன்றைக்கும் தெரியாது.

"லியோன் அண்ணை, வலை கொண்டுவரட்டே?" என்றான் ஒருவன். சனம் சவக்காலை என்பதையும் மறந்து சிரித்தது.

ஸ்ரெல்லா கதவை இழுத்தாள். கதவு பாரமாக வந்தது. அதன் வயிற்றுக்குள் தண்ணீர் அங்குமிங்கும் அடிக்கும் சத்தம் கேட்டது. அவள் குனிந்து கதவின் அடிவிளிம்பைத் தடவினாள். பிறகு கார்த் தரையின் அடியில் கையை விட்டுத் தடவினாள்.

"கிழவியின்ரை மகனின்ரை கார்க் கதவிலை இந்த இடத்திலை ஓட்டை இருக்கும். மழைத்தண்ணி அதாலைதான் வடியிறது. இதிலை எங்கை?"

"அடைச்சுப்போட்டன்" என்றான் லியோன். அவனுக்கு இன்னும் கொஞ்சம் பெருமைதான். "எல்லாம் அடைச்சனான். கீழாலை ஒரு சொட்டுத் தண்ணி உள்ளை வராது."

"வராது. வந்தது வெளியிலையும் போகாது." ஸ்ரெல்லா அவனை ஒருதரம் பார்த்தாள். "கடலிலையே ஓடப்போறியள்?"

சொல்லிவிட்டுத் தானும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சனம் கலைந்துபோனது. இரண்டு பேரும் மெழுகுதிரி வைத்திருந்த பேணிகளால் தண்ணீரை இறைக்கத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரம் போக அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது.

"வருசம் முழுக்க நெத்தியைக் காட்டிக்காட்டிக் கதைச்சது இதுக்கோ?"

"ஓம். நீ வந்து பாக்கட்டுமெண்டு."

"நான் வேறை மாதிரி நினைச்சன்."

"என்னெண்டு?"

"நான் இல்லாமல் உங்களுக்குப் பழகிப்போச்செண்டு." அவள் இறைப்பதை நிறுத்தவில்லை. "அண்டைக்குக் காலமை எடுத்து ஒண்டு கேக்கோணுமெண்டனான். கிழவியின்ரை மகன் இன்னும் ரண்டு வருசம் நிக்கேலுமோ எண்டு கேட்டவர். வீட்டிலை கேட்டுச் சொல்லுறன் எண்டு சொன்னனான். நீங்கள் வா எண்டால் வாறதுக்குத்தான் எடுத்தனான். நீங்கள் கையிலை வேலை எண்டு வைச்சிட்டியள். அண்டைக்கே அவருக்கு ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

லியோனின் கையில் பேணி அப்படியே நின்றது. ஒரு பேணி றெசின். அது இறுகிவிடும் என்று பயந்து, எதற்காக அந்த றெசினைக் குழைத்தானோ அதையே கைவிட்டிருக்கிறான். தன்னை நினைத்து அவனுக்குக் காறித் துப்பவேண்டும்போல இருந்தது. ஆனால் அவன் சொன்னது, "இஞ்சாலைப் பக்கமும் தண்ணி நிக்குது" என்பது மட்டுந்தான்.

அடுத்தநாள் டிரில் எடுத்து, தான் அடைத்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் திறந்தான். கலங்கின தண்ணீர் வடிந்தது. கதவின் அடியில் பெயின்ற் கொப்பளித்திருந்தது, அதைத் தேய்த்துத் திரும்ப அடித்தான். ஸ்ரெல்லா நுளம்புவலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். நாட்கள் நன்றாகவே போயின. மீன்குழம்பு இருந்தது, ஏச்சு இருந்தது, பின்னேரங்களில் கடற்கரை வீதியால் காரில் ஓடுவதும் இருந்தது. அவள் சிரிக்கும்போதெல்லாம் அவன் மிச்சமிருந்த நாட்களை மனதுக்குள் எண்ணினான்.

போகாதே என்று அவன் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். அவன் கடல்தொழில் செய்தவர்களின் பிள்ளை. தொழிலுக்குப் புறப்படுகிறவனிடம் எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று அந்த வீடுகளில் கேட்கமாட்டார்கள். போகாதே என்ற சொல்லை வாயால் எடுக்கவே மாட்டார்கள். கால் எடுத்து வைத்தவனைப் பின்னால் கூப்பிடவும் மாட்டார்கள். கூப்பிட்டால் போன காரியம் விளங்காது, ஆளுக்கும் ஆகாது. லியோனின் தகப்பன் கரைக்கு வராமல் போன அன்று காலை, தாய்க்கு அந்த வானத்தைப் பார்த்தே பயம் பிடித்திருந்தது. ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை, சோற்றுப் பெட்டியைக் கட்டிக் கொடுத்தாள். அந்த வீட்டில் வளர்ந்தவன் லியோன். விமானத்தில் போகிற பெண்சாதியும் அவனுக்குக் கடலுக்குப் போகிற ஆள்தான். ஒவ்வொரு முறையும் அவள் பெட்டியோடு படியிறங்க, பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் நின்றான். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு நின்றான்.

இந்த முறை அவளுக்குப் பலாலி விமான நிலையத்திலிருந்து பயணம், சென்னைக்குப் போய் அங்கிருந்து இத்தாலிக்கு. பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு காரிலேயே புறப்பட்டார்கள். உரும்பிராயைக் கடக்கையில் வாழைத் தோட்டங்களில் மழைத்தண்ணீர் நின்றது. செம்மண் தெறித்துக் கார் அழுக்காகியது, அவன் கவனிக்கவில்லை. ஸ்ரெல்லா பிரதீபாவைப் பற்றிக் கதைத்தாள், மருந்துக் குளிசையை நேரத்துக்குப் போடச் சொன்னாள், துணிக்கூரையைத் தைத்துப் போடச் சொன்னாள். அவன் எல்லாவற்றுக்கும் ஓம் என்றான்.

வெளி வாகனங்கள் நிற்குமிடத்தில் காரை விட்டான். பெட்டியை இறக்கிக் கொடுத்தான்.

"அப்ப நான் போட்டு வாறன்."

"ஓம்."

அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாள். லியோன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவளுடைய முதுகைப் பார்த்தான். இன்னும் இரண்டு வருசத்துக்கு இந்த முதுகைக்கூடப் பார்க்க முடியாது என்று நினைத்தான். அவ்வளவுதான், அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை.

"ஸ்ரெல்லா!"

கத்தின சத்தத்தில் வாசலில் நின்ற காவல்காரனும் திரும்பிப் பார்த்தான். அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு வயோதிபர், பின்னால் கூப்பிடுகிறானே பாவி என்பதுபோல முகத்தைச் சுளித்தார். ஸ்ரெல்லா நின்றாள். திரும்பினாள். பெட்டியையும் இழுத்துக்கொண்டு வந்த வழியே வந்து, காரின் கதவைத் திறந்து ஆசனத்தில் இருந்தாள்.

"தண்ணி இருக்கே?"

போத்தலை எடுத்துக் கொடுத்தான். பின்னால் கூப்பிட்டால் திரும்பி வந்து, இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகவேண்டும். அவளும் அதே கரையில் வளர்ந்தவள்தானே. ஆறுதலாகக் குடித்தாள். மூடியை இறுக்கினாள்.

"இப்ப சொல்லுங்கோ."

"போகாதை."

அவன் குனிந்து கார்க் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"நீ இல்லாமல் எனக்கு ஏலாது, ஸ்ரெல்லா. கனகாலமாய் ஏலாது. சொன்னால் உனக்கு ஏதும் ஆகிப்போடும் எண்டு பயத்திலை சொல்லேல்லை."

ஸ்ரெல்லா போத்தலை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தபடி இருந்தாள்.

"முதல் தரம் பஸ்ஸடியிலை. பேந்து ரெயிலடியிலை. இண்டைக்கு இஞ்சை. ஒவ்வொரு தரமும் மெள்ளமாய்த்தான் நடந்தனான். நீங்கள் கூப்பிட நேரம் குடுத்து."

லியோன் நின்ற இடத்திலேயே குந்திவிட்டான். அழுகிறானோ என்று அவள் குனிந்து பார்த்தாள். அழுதுகொண்டுதான் இருந்தான். அவள் அவனுடைய தலையில் கையை வைத்தாள்.

"இந்த முறை போகத்தான் வேணும். நான் தீத்தினால்தான் கிழவி சாப்பிடும். ஓமெண்டு சொன்னதை இடையிலை விடேலாது. முடிஞ்ச கையோடை வாறன்."

"வந்தால்?"

"வந்தால் வந்ததுதான்."

அவள் இறங்கினாள். முந்தானையால் அவனுடைய முகத்தைத் துடைத்துவிட்டாள். பெட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கிப் போனாள். இந்த முறை மெள்ளமாக நடக்கவில்லை. அந்த வயோதிபரை முந்திக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடினாள். அவள் இவ்வளவு வேகமாக நடக்கக்கூடியவள் என்பது லியோனுக்கு இவ்வளவு காலமும் தெரியாது.